'கலர் செட்டிங் பண்ணித் தர்றேன்' என்பவரிடம் கணினியைக் கொடுக்கும் முன்

டிசைன் வேலை செய்கிறவர்கள், சொந்தமாக போட்டோ பிரிண்டர் வைத்து சாம்பிள் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்று வாரமாக நான் பட்ட பாடு இது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னுடைய ஏழு ஒரிஜினல் ஃபைல்கள் கெட்டுப்போனதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

நான் லேபிள், அட்டைப்பட டிசைன், குடும்பப் படங்களை வைத்துச் செய்யும் ஆல்பம் பக்கங்கள் எல்லாம் செய்கிறேன். வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காக ஓர் இங்க்ஜெட் போட்டோ பிரிண்டர் வாங்கினேன். போட்டோஷாப்பில் பார்க்கும் நிறம் தாளில் வரவில்லை. கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் இருட்டாக வந்தது. நானே மெனக்கெட்டிருந்தால் ஒரு நாளில் சரிசெய்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு வேலை நெருக்கடி. பிரிண்டர் கலர் செட்டிங் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவரைப் பிடித்தேன். ரிமோட்டில் என் கணினிக்குள் வந்தார். முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

முதல் வேலையாக ஹெட் கிளீனிங் (இங்க் வரும் துளைகளைச் சுத்தம் செய்வது) கொடுத்தார். ஒன்றல்ல, அடுத்தடுத்து நான்கு முறை. முந்தின நாள்தான் நான் நாசில் செக் (துளை அடைத்திருக்கிறதா என்று கோடுகள் அச்சடித்துப் பார்ப்பது) எடுத்திருந்தேன், ஒரு கோடுகூட விடுபடவில்லை என்று சொன்னேன். "அது இருக்கட்டும் மேடம், சேஃப்டிக்குப் பண்றோம்" என்றார். ஒவ்வொரு கிளீனிங்கிலும் இங்க் உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குத்தான் போகிறது. நாசில் செக் தாளில் இடைவெளி இருந்தால் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. கோடுகள் முழுசாக இருக்கும்போது செய்தால் நிறம் துளியும் மாறாது, கார்ட்ரிட்ஜ்தான் காலியாகும்.

அடுத்து அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "மேடம், உங்க ஃபைல் எல்லாம் ஆர்.ஜி.பி.யில இருக்கு. பிரிண்டர்ல ஓடுறது சி.எம்.ஒய்.கே. இங்க். அப்புறம் எப்படி கலர் சரியா வரும்?" ஆர்.ஜி.பி. என்றால் திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை; சி.எம்.ஒய்.கே. என்றால் அச்சு இங்க்கான சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டது. நான் பதில் சொல்வதற்குள் திறந்திருந்த ஏழு ஃபைல்களையும் சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றி, அதே பெயரிலேயே சேவ் செய்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மேசைமேல் வைக்கும் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரின் டிரைவர் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) எதிர்பார்ப்பது ஆர்.ஜி.பி. தகவலைத்தான். உள்ளே நான்கு இங்க் இருந்தாலும் சரி, எட்டு இங்க் இருந்தாலும் சரி, எந்தப் புள்ளியில் எந்த இங்க் எவ்வளவு என்று பிரிப்பது டிரைவரின் வேலை. நீங்கள் சி.எம்.ஒய்.கே. ஃபைலைக் கொடுத்தாலும் வழியில் அது மறுபடி ஆர்.ஜி.பி. ஆக்கப்பட்டுத்தான் டிரைவருக்குப் போகும். அதற்குள் இழப்பு நடந்து முடிந்திருக்கும். என் போட்டோஷாப்பில் கலர் செட்டிங்ஸை நான் தொட்டதே இல்லை. அதனால் அமெரிக்க வெப் ஆஃப்செட் அச்சுக்கான ஸ்வாப் வி2 புரொஃபைல்தான் சி.எம்.ஒய்.கே.க்கு இருந்தது. புரொஃபைல் என்றால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்ற கணக்கு; இது ரோல் தாளில் ஓடும் பெரிய அச்சு எந்திரத்துக்கான கணக்கு. அந்த எந்திரத்துக்குள் அடங்காத பளிச்சென்ற நீலம், பச்சை, ஆரஞ்சு எல்லாம் அந்த ஒரு சேவில் போய்விட்டன. திரும்ப ஆர்.ஜி.பி. என்று மாற்றினால் பெயர்தான் மாறும், போன நிறம் வராது. ஆஃப்செட் அச்சுக்கு ஃபைல் கொடுப்பது வேறு விஷயம். அங்கே அச்சகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் புரொஃபைலுக்கு மாற்ற வேண்டும், அதையும் ஒரு நகலில்தான் செய்ய வேண்டும்.

பிறகு மானிட்டர் பக்கம் வந்தார். "உங்க மானிட்டர்ல மஞ்சள் தூக்கலா இருக்கு" என்று சொல்லி எதையோ நகர்த்தினார். ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ரிமோட்டில் அவருக்குப் போவது வெறும் எண்கள். என் திரையிலிருந்து வரும் வெளிச்சம் அவருக்குப் போகாது. என் மானிட்டர் மஞ்சளா நீலமா என்று அவருடைய திரையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதற்குத் திரைமேல் வைத்து அளக்கும் கருவி வேண்டும். அவர் நகர்த்தினதை நான் பிறகு எடுத்துவிட்டேன். சும்மா இருந்த திரையையும் ஒரு வாரம் நீலம் பூத்ததாக ஆக்கி வைத்திருந்தார்.

கடைசியாக, "உங்களுக்குன்னே கஸ்டம் புரொஃபைல் போட்டிருக்கேன்" என்று என் ஸ்டுடியோ பெயர் வைத்த ஒரு ஃபைலை இன்ஸ்டால் செய்தார். கட்டணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

மறுநாள் ஆல்பத்தின் முதல் பக்கத்தை கிளாஸி தாளில் எடுத்தேன். மாநிறமான ஒரு பெண் குழந்தையின் முகம் செங்கல் நிறத்தில் வந்தது. கழுத்தின் நிழல் கருஞ்சிவப்பாகக் கட்டியிருந்தது. பின்னணியில் இருந்த சாம்பல் சுவர் ரோஸ் அடித்தது. தாளைத் திருப்பும்போது கட்டைவிரல் பட்டு, தலைமுடியின் கறுப்பு அப்படியே இழுபட்டு நெற்றிவரை வந்துவிட்டது. எடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் இங்க் தாளின் மேலேயே மாவு மாதிரி உட்கார்ந்திருந்தது.

போன் செய்தேன். "பேப்பர் குவாலிட்டி சரியில்ல மேடம்" என்றார். வேறு தாள் வாங்கி எடுத்தேன், அதே கதை. மறுபடி கூப்பிட்டபோது, அது தனி சர்வீஸ், தனிக் கட்டணம் என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு செட்டிங்காக நானே திறந்து பார்க்க ஆரம்பித்தேன். தெரிந்தவர் ஒருவர், அச்சுத் துறையில் பல வருடம் இருப்பவர், போனிலேயே கூட இருந்து சொல்லிக் கொடுத்தார். அவர் முதலில் கேட்ட கேள்வியிலேயே எனக்கு உறைத்துவிட்டது: "கஸ்டம் புரொஃபைல்னு சொன்னாரே, அதுக்கு நீங்க எத்தனை தாள் சார்ட் பிரிண்ட் எடுத்து அனுப்புனீங்க?"

ஒரு தாள்கூட அனுப்பவில்லை.

புரொஃபைல் என்பது ஊகித்து எழுதும் சமாசாரம் இல்லை. நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்கள் உள்ள சார்ட்டை, உங்கள் பிரிண்டரில், உங்கள் இங்க்கில், உங்கள் தாளில், எந்தக் கலர் திருத்தமும் இல்லாமல் அச்சடிக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியால் ஒவ்வொரு கட்டமாக அளக்க வேண்டும். எந்த எண்ணைக் கொடுத்தால் தாளில் எந்த நிறம் விழுகிறது என்ற அந்த அளவுகள்தான் புரொஃபைல். தாளை மாற்றினால் அது செல்லாது, டிரைவரில் தாள் வகையைச் சொல்லும் மீடியா டைப்பை மாற்றினாலும் செல்லாது. அச்சடித்த தாள் அவர் கைக்குப் போகாமல் அவர் எதை அளந்திருப்பார்?

பிறகு அந்தப் புரொஃபைலையே பார்த்தோம். போட்டோஷாப் பிரிண்ட் பெட்டியில் புரொஃபைல் பட்டியலைத் திறந்தால் என் ஸ்டுடியோ பெயரே அதில் இல்லை. ஃபைல் ஃபோல்டரில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. காரணம் இதுதான்: பட்டியலில் வருவது ஃபைலின் பெயர் அல்ல, புரொஃபைலுக்கு உள்ளே எழுதப்பட்டிருக்கும் பெயர். ஃபைலுக்கு யார் என்ன பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது மாறாது. என் பட்டியலில் இருந்தது வேறொரு மாடல் பிரிண்டரின் பெயர், கூடவே மேட் (பளபளப்பில்லாத) தாளின் பெயர். இப்படிப்பட்ட ஒவ்வொரு புரொஃபைலின் தலைப்பகுதியிலும் அது உருவான தேதி இருக்கும். தெரிந்தவர் அதை மேக் கணினியில் கலர்சிங்க் யுடிலிட்டியில் திறந்து தேதியைப் படித்துச் சொன்னார். நான் பிரிண்டர் வாங்குவதற்குப் பல வருடம் முந்தைய தேதி. எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரொஃபைலுக்கு என் பெயரை ஒட்டி எனக்கே விற்றிருக்கிறார். இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முகம் செங்கல் ஆனதற்குக் காரணம் தவறான புரொஃபைல் மட்டுமல்ல. போட்டோஷாப்பில் கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்திருந்தார். அதாவது புரொஃபைலைப் பார்த்து போட்டோஷாப்பே நிறத்தை மாற்றித்தரும். அப்படி வைத்தால் பிரிண்டர் டிரைவரில் கலர் திருத்தத்தை அணைத்தே ஆக வேண்டும். சில டிரைவர்களில் அது 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்று இருக்கும், சிலவற்றில் கலர் மேட்சிங்கில் 'நன்' என்று இருக்கும். அவர் அதை அணைக்கவில்லை. போதாதற்கு மெஜந்தாவையும் கான்ட்ராஸ்டையும் ஸ்லைடரில் ஏற்றி வைத்திருந்தார். ஒரே சட்டையை ஒரு தையல்காரர் உடம்புக்குப் பிடித்து முடித்தபின், இன்னொருவர் அது தெரியாமல் மறுபடி பிடித்தால் என்ன ஆகும்? என் படத்துக்கு அதுதான் ஆனது. மெஜந்தா தூக்கலாக, இருட்டாக, நிறம் அடித்துக்கொண்டு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இரட்டைத் திருத்தத்தைத்தான்.

கறுப்பு கையில் ஒட்டியதற்குக் காரணம் மீடியா டைப். கிளாஸி தாளை வைத்துவிட்டு டிரைவரில் 'பிளெய்ன் பேப்பர்' என்றே விட்டிருந்தார். என் பிரிண்டரில் இரண்டு கறுப்பு இங்க் இருக்கிறது, ஒன்று மேட் தாளுக்கும் சாதாரணத் தாளுக்கும், மற்றது போட்டோ தாளுக்கு. எந்தக் கறுப்பு, எவ்வளவு இங்க் என்பதை மீடியா டைப்தான் முடிவு செய்கிறது. மேட் கறுப்பு வழவழப்பான தாளில் இறங்காது, மேலேயே நிற்கும். தாள் மேல் பழி போட்டாரே, இரண்டு கட்டுத் தாளும் குற்றமற்றவை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. லேபிள் ஒன்றை எடுத்துப் பெட்டியில் ஒட்டப்போனால் சின்னதாக இருந்தது. 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று வரைந்து பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 92 தான். டிரைவரில் தாள் அளவு லெட்டர் என்று இருந்தது, என் டிசைன் ஏ4. லெட்டரின் நீளம் 279.4, ஏ4 297. மேலும் கீழும் ஓரம் 3 மில்லிமீட்டர் போக மிச்சத்துக்குள் அடங்கும்படி 'ஸ்கேல் டு ஃபிட் மீடியா' மொத்தத்தையும் சுருக்கிவிட்டது. ஓரமில்லாமல் அச்சடிக்கும் பார்டர்லெஸ்ஸில் இது நேர்மாறாக நடக்கும், படம் தாளைத் தாண்டிக் கொஞ்சம் பெரிதாகும். அளவு முக்கியமான வேலைக்கு இரண்டையும் விட்டுவிட்டு 100 சதவீதம் என்று வைத்து எடுங்கள்.

இப்போது என் பிரிண்டர் ஒழுங்காக ஓடுகிறது. செய்தது இவ்வளவுதான். தாள் கம்பெனியின் தளத்திலிருந்து என் மாடலுக்கும் அந்தத் தாளுக்குமான புரொஃபைலை இலவசமாக எடுத்தேன். அதனுடன் எந்த மீடியா டைப் வைக்க வேண்டும் என்று அவர்களே குறிப்பு கொடுத்திருந்தார்கள், அதை அப்படியே வைத்தேன். ஃபைல் ஆர்.ஜி.பி.யாகவே இருக்கிறது. போட்டோஷாப் நிறத்தைப் பார்த்துக்கொள்கிறது, டிரைவர் பக்கம் திருத்தம் அணைக்கப்பட்டிருக்கிறது. தாளில் அடங்காத நிறத்தை எப்படி மாற்றுவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்டில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், கூடவே இருட்டுப் பகுதிகளின் விவரம் போகாமல் இருக்க பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன். இவற்றை டிரைவரிலேயே ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்து, தாளின் பெயரையே அதற்கு வைத்துவிட்டேன். பழைய இருட்டுக்கு மானிட்டரும் ஒரு காரணம். வாங்கின நாளிலிருந்து முழு வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அதோடு ஒப்பிட்டால் பிரிண்ட் இருட்டாகத் தெரிந்தது. கருவியை இரவல் வாங்கி 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு சுமார் 100 கேண்டெலா என்று வைத்ததும் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

டெஸ்ட் எடுப்பதற்கு முகத்தைவிட நல்லது ஒரு சாம்பல் பட்டை. ஆர், ஜி, பி மூன்றும் ஒரே எண்ணாக, கறுப்பிலிருந்து வெள்ளைவரை. அது சாம்பலாகவே வந்தால் நிம்மதி. ரோஸ், பச்சை என்று எங்காவது சாய்ந்தால் முதலில் நாசில் செக் எடுங்கள். அது சரியாக இருந்தால் இரட்டைத் திருத்தத்தையும், தப்பான புரொஃபைலையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றி, எதை மாற்றினோம் என்று தாளின் பின்னாலேயே எழுதி வையுங்கள்.

இன்னும் ஒருவரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கணினியைக் கொடுக்கும் முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் டிரைவர் செட்டிங் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கஸ்டம் புரொஃபைல் என்றால் எந்தக் கருவியால் அளப்பீர்கள், எத்தனை கட்டம் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் அவர் லைனில் இருக்கும்போதே அதே படத்தைப் பழைய பிரிண்ட்டோடு வைத்துப் பாருங்கள். அதற்கப்புறம் மீதிப் பணம்.

என் ஏழு ஃபைல்களில் நான்குக்குப் பழைய பேக்கப் கிடைத்தது. மீதி மூன்றில் ஒன்று அந்தக் குழந்தையின் ஆல்பம். ஒரிஜினல் போட்டோக்களை அந்தக் குடும்பத்திடம் மறுபடி கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன்.