செம்பெருமீனின் சுழற்சியை அளக்க: கெப்ளரா, டெஸ்ஸா?

செம்பெருமீனின் (முதுமையில் ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீன்) உட்கரு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்க, கெப்ளர், டெஸ் என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளில் எதன் தரவை எடுப்பது? விண்மீன் அதிர்வதால் அதன் ஒளி ஏறி இறங்கும்; சுழற்சி, அந்த அதிர்வின் ஒரே அதிர்வெண்ணை மூன்று கோடுகள் வரை பிளக்கும். அந்த இடைவெளி நூறு, இருநூறு நானோஹெர்ட்ஸ்தான் என்பதால், எத்தனை நாள் பார்த்தோம் என்பதே முக்கியம்: நீண்ட நாள் பார்த்தால்தான் நெருக்கமான கோடுகளைப் பிரிக்க முடியும்.

கெப்ளர்: ஒரே வானப்பகுதி, 4 ஆண்டு, சுமார் 8 நானோஹெர்ட்ஸ் வரை பிரிக்கலாம்.
டெஸ்: ஏறக்குறைய முழு வானம், ஆனால் ஒரு பகுதிக்கு 27 நாள், சுமார் 430 நானோஹெர்ட்ஸ். கோடுகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

செலவு? இரண்டு தரவும் இலவசம்.

உட்கருதான் இலக்கு என்றால் யோசிக்காமல் கெப்ளர். உட்கரு மேற்பரப்பைவிடக் குறைந்தது 10 மடங்கு வேகமாகச் சுழல்வதை 2012இல் காட்டியதும் அதுதான். கெப்ளர் பார்க்காத பிரகாசமான விண்மீன் வேண்டுமா? சரி, டெஸ், அப்போதும் ஓராண்டு தொடர்ந்து பார்த்த பகுதியிலிருந்து எடுங்கள்.