ஆப்பிரிக்காவுல சாட்டிலைட் டேட்டா ட்ரெயினிங்: வெளிநாட்டு டிகிரியா, நைரோபி கிளாஸா, ஆன்லைன் கோர்ஸா?

மழை பெய்யும்போது இலையெல்லாம் உதிர்த்துட்டு, வெயில் கொளுத்துற மாசத்துல பச்சப்பசேல்னு நிக்கிற மரம் ஒண்ணு இருக்கு. நைஜர் நாட்டுல ஹவுசா பேசுற விவசாயிங்க அதை காவ்னு சொல்றாங்க, தாவரவியல் பேரு ஃபைதெர்பியா ஆல்பிடா. கம்பு வயலுக்கு நடுவுலயே அதை வளர விடுவாங்க, ஏன்னா பயிர் நிக்கிற நேரத்துல மரம் மொட்டையா இருக்கும், நிழல் விழாது, உதிர்ந்த இலை உரமாயிடும். இப்ப அதே வயலை கோடையில சாட்டிலைட் படத்துல பாருங்க, அங்கங்க பச்சை தெரியும். அந்த ஊர் மண்ணை மிதிக்காத ஒருத்தர் அதை பாசனப் பயிர்னு எழுதிட வாய்ப்பு நிறைய இருக்கு, அந்த ஊர் வேளாண் அதிகாரி பாத்தார்னா ஒரே பார்வையில மரம்னு சொல்லிடுவார்.

நாள் பூரா சாட்டிலைட் படத்தோடயே வேலை பாக்குற ஆள் நான், ஆப்பிரிக்காவுல ட்ரெயினிங்னு பேச்சு வந்தாலே எனக்கு இந்த மரம்தான் ஞாபகம் வரும். நிலத்தை பத்தின அறிவு அங்க உள்ளவங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, டேட்டாவை தன் கையால எடுத்து ஓட்டிப் பாக்குற பழக்கம் வந்துட்டா போதும். அதை கத்துக்க நாலஞ்சு வழி இருக்கு, எல்லாத்தையும் ஒரே அளவுகோல்ல வச்சு பாக்கறேன்: கோர்ஸ் முடிஞ்சு ரெண்டாவது மழைக்காலம் வரும்போதும் அந்த ஆள் தானே மேப் போட்டுட்டு இருக்காரா?

முதல் வழி, வெளிநாட்டு படிப்பு. நெதர்லாந்துல என்ஸ்கெடே ஊர்ல இருக்குற ஐ.டி.சி (சாட்டிலைட் படம், மேப்பிங் எல்லாம் சொல்லிக் குடுக்குற நிறுவனம்) 1950ல ஆரம்பிச்சது, 2010லேர்ந்து ட்வென்டே யுனிவர்சிட்டியோட ஒரு பகுதி. அந்த டச்சுக்காரங்க ஒத்துழைப்போட 1966ல டேராடூன்ல தொடங்கினதுதான் இன்னைக்கு இஸ்ரோவுக்கு கீழ இருக்குற ஐ.ஐ.ஆர்.எஸ்ங்கற அதே மாதிரி பயிற்சி நிறுவனம், வெளிநாட்டு அதிகாரிங்களுக்கு பயிற்சி குடுக்குற இந்திய அரசோட ஐடெக் திட்டத்துல ஆப்பிரிக்க அதிகாரிங்களும் அங்க வந்து படிக்கிறாங்க. ஆழம்னு பாத்தா இந்த வழிய அடிச்சுக்க ஆளில்ல. சாட்டிலைட்டே அலைய அனுப்பி, திரும்பி வர்றதை வச்சு எடுக்குற ரேடார் படத்துல வெள்ளத் தண்ணி ஏன் கருப்பா தெரியுது (வழுவழுன்னு இருக்குற தண்ணி அலைய வேற பக்கம் தெறிக்க விட்டுடும், திரும்பி சாட்டிலைட்டுக்கு ஒண்ணும் வராது), காத்து அடிச்சு அலை எழும்பினா அதே தண்ணி ஏன் வெளுத்து தெரியுது, இதையெல்லாம் அடியிலேர்ந்து புரிஞ்சுக்க நேரம் வேணும், அது இங்கதான் கிடைக்கும். ஆனா ஒரு ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர்தான் போக முடியும், மாஸ்டர்ஸ்னா வருஷக்கணக்குல அவர் சீட்டு காலியா கிடக்கும், திரும்பி வந்ததும் ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டாலோ நல்ல சம்பளத்துக்கு வேற இடம் போயிட்டாலோ அந்த ஆபீஸ் மறுபடி பூஜ்யத்துலேர்ந்து தொடங்கணும். யுனிவர்சிட்டில பாடம் எடுக்கப் போறவங்களுக்கும் புது முறை உருவாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் இதுதான் சரி. மாவட்ட ஆபீஸ்ல ஒவ்வொரு பத்து நாளும் ரிப்போர்ட் அனுப்ப வேண்டியவருக்கு நான் இதை சொல்லமாட்டேன்.

ரெண்டாவது, ஆப்பிரிக்காவுக்குள்ளயே இருக்குற மேப்பிங், சாட்டிலைட் பயிற்சி மையங்கள். நைரோபில ஆர்.சி.எம்.ஆர்.டி 1975லேர்ந்து இருக்கு, நைஜீரியாவுல இலே-இஃபேல இருக்குற ஆஃப்ரிஜிஸ்ட் (முன்ன ரெக்டாஸ்னு பேரு) அதுக்கும் முன்னாடி, 1972. பிரெஞ்சு பேசுறவங்களுக்கு மொராக்கோவோட ரபாத்ல ஐ.நா.வோட இணைஞ்ச மையம் இருக்கு, நைஜர் தலைநகர் நியாமேல அக்ரிமெட்ங்கற விவசாய வானிலை மையம் இருக்கு. ஒரு வாரம் ரெண்டு வாரம் க்ளாஸ், பக்கத்து சீட்ல உகாண்டாக்காரர், எதிர்ல மலாவிக்காரர், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலைவலி. வாய்மொழியா கத்துக்கற விஷயம் இங்க நிறைய.

இந்த மையங்கள் எனக்கு பிடிக்க ஒரு காரணம் கென்யா தேயிலை. மேகமே இல்லாத ராத்திரில மலைத் தோட்டத்துல நிலத்தோட சூடு சட்டுனு இறங்கும், காலையில பாத்தா கொழுந்து கருகிப் போயிருக்கும். சாட்டிலைட் ராத்திரியில எடுக்குற நில வெப்பநிலைய வச்சு, எந்தப் பக்கம் உறைபனி விழுந்திருக்குனு ஆர்.சி.எம்.ஆர்.டி, கென்யா வானிலைத் துறையோட சேந்து மேப் போட்டுக் குடுத்தாங்க. இதுக்கு பின்னாடி இருந்தது செர்விர்ங்கற திட்டம், நாசாவும், அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டும் சேந்து நடத்தினது, நைரோபிக்கு 2008ல வந்துச்சு, நியாமேக்கு 2016ல. உறைபனி மேப் போடக் கத்துக்கற ஆளுக்கு அது பயிற்சி புத்தகத்துல இருக்குற கணக்கு கிடையாது, அன்னைக்கு காலையில போன் பண்ணிக் கேக்கப்போற தேயிலைக்காரங்க நிஜமாவே இருக்காங்க. அப்படி கத்துக்கிட்டா மறக்காது.

மூணாவது ஆன்லைன். நாசாவோட ஆர்செட்ங்கற பயிற்சித் திட்டம் 2009லேர்ந்து இலவசமா க்ளாஸ் எடுக்குது, ஆப்பிரிக்காவோட சாட்டிலைட் டேட்டாவை இலவசமா குடுக்குற டிஜிட்டல் எர்த் ஆப்பிரிக்கா திட்டம் ஆறு வார கோர்ஸ் இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும் வச்சிருக்கு. செலவு இல்ல, லீவு போட வேண்டியதில்ல, ஒரு ஆபீஸ்ல பத்து பேர் சேந்தே படிக்கலாம். குறை என்னன்னா கரண்ட் போயிடும், நெட் இழுக்கும், மூணாவது வாரம் ஃபீல்ட் வேலை வந்துடும், தப்பு வந்தா பக்கத்துல காட்டிக் கேக்க ஆள் இருக்காது. சர்டிஃபிகேட் வாங்கினதுக்கு அப்புறம் கோர்ஸ்ல கோடு எழுதின அந்த நோட்புக் ஃபைலை திறக்கவே இல்லைங்கற கதை எல்லா நாட்டுலயும் உண்டு, நானே சில கோர்ஸ்ல அப்படி செஞ்சிருக்கேன், சொந்த வேலைக்கு தேவைப்படாத எதுவும் கையில நிக்கல.

டவுன்லோட் கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஆப்பிரிக்கா ட்ரெயினிங்கையே மாத்தினது இதுதான். ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் படம் ஒரு துண்டு எடுத்தா நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல வரும், ஃபைல் ஒரு ஜிபி கிட்ட. ஒரு பயிர் சீசனுக்கு பத்து இருபது படம் வேணும், மொபைல் டேட்டால ஓடுற ஆபீஸ்ல அதை எப்படி இறக்குறது? முன்னாடியெல்லாம் ட்ரெயினர் ஹார்ட் டிஸ்க்ல கொண்டு வருவார், க்ளாஸ் முடிஞ்சதும் டிஸ்க்கோட போயிடுவார், அடுத்த மாச படம் யாருகிட்டயும் இருக்காது. இப்ப டேட்டா சர்வர்லயே இருக்கும், நம்ம கேள்விய மட்டும் அங்க அனுப்பினா பதில் சின்ன படமா திரும்பி வரும். இந்த வேலைக்கு ரெண்டு போட்டியாளர், கூகுள் எர்த் இன்ஜின், டிஜிட்டல் எர்த் ஆப்பிரிக்கா சாண்ட்பாக்ஸ்.

எர்த் இன்ஜின் வேகம், உலகம் பூரா டேட்டா, நெட்ல தேடினா எந்த சந்தேகத்துக்கும் யாராவது எழுதின கோடு கிடைக்கும். புதுசா வர்றவங்களுக்கு முதல் மணி நேரத்துலயே ஒரு மேப் வந்துடும், அந்த சந்தோஷம் பெரிய விஷயம். ஆனா அது ஒரு கம்பெனியோட சொத்து, 2022லேர்ந்து வணிகப் பயன்பாட்டுக்கு காசு, அரசாங்க வேலைய முழுசா அதுமேல கட்டலாமாங்கற கேள்வி நியாயமானது. சாண்ட்பாக்ஸ் ஆஸ்திரேலியாவுல உருவான ஓப்பன் டேட்டா க்யூப்ங்கற இலவச சாஃப்ட்வேர் மேல ஓடுது, டேட்டா கேப் டவுன்ல இருக்குற அமேசான் சர்வர்ல இருக்கு, பைத்தான் நோட்புக், கோடு எல்லாம் திறந்தது, ஒரு நாடு நினைச்சா இதே சாஃப்ட்வேரை தன் சர்வர்ல போட்டுக்கலாம். அமெரிக்காவோட லேண்ட்சாட் சாட்டிலைட் படங்கள்லேர்ந்து 1980கள் வரைக்கும் பின்னாடி போய் தண்ணி எங்க நின்னுச்சுனு எடுத்து வச்சிருக்காங்க. 2018ல கேப் டவுன் தண்ணியில்லாம தவிச்சப்போ அந்த ஊருக்கு தண்ணி குடுக்குற தீவாட்டர்ஸ்க்ளூஃப் அணை எப்படி சுருங்குச்சுனு அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய போட்டு நோட்புக்ல அந்த கோடு துண்டை ரன் பண்ணா கிராஃபா வந்து நிக்கும். பைத்தான் தெரியாதவங்களுக்கு முதல் வாரம் கஷ்டமாதான் இருக்கும், எர்த் இன்ஜின் அளவுக்கு வேகமும் இல்ல. இருந்தாலும் ஒரு அமைச்சகத்துக்குன்னா நான் சாண்ட்பாக்ஸ் பக்கம்தான் நிப்பேன், ஆராய்ச்சி மாணவருக்குன்னா எர்த் இன்ஜின்.

நெட்டே சரியா வராத இடத்துக்கும் ஒரு வழி இருக்கு, அதை யாரும் பெருசா பேசறதில்ல. ஐரோப்பிய வானிலை சாட்டிலைட் அமைப்போட யூமெட்காஸ்ட், டிவி மாதிரியே மொட்டைமாடி டிஷ் வழியா டேட்டா வந்து இறங்கும். 2001ல தொடங்கின பூமா திட்டத்துல ஆப்பிரிக்க வானிலை மையங்களுக்கு இந்த ரிசீவரையும் குடுத்து பயிற்சியும் குடுத்தாங்க. மழை, பசுமை மாதிரி பெரிய பரப்புக்கான டேட்டாவுக்கு இது அருமை, ஒரு ஏக்கர் வயலை பாக்க உதவாது. ஒரு ஏக்கர்னா சென்டினல்-2ல நாப்பது பிக்சல், லேண்ட்சாட்ல நாலரை, நாசாவோட மோடிஸ் கருவி எடுக்குற 250 மீட்டர் படத்துல ஒரு பிக்சலே பதினஞ்சு ஏக்கர். எந்த டூல் கத்துக்கறதுனு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த கணக்கை போடணும்.

எல்லாத்துலயும் என் மனசுக்கு நெருக்கமானது உகாண்டாவோட கரமோஜா. வறண்ட பகுதி, மேய்ச்சல் பொய்த்தா பசி. பிரதமர் அலுவலகத்து ஆளுங்க சாட்டிலைட் பசுமை அளவை மாசாமாசம் கண்காணிச்சாங்க, குறிப்பிட்ட அளவுக்கு கீழ இறங்கினா ஊர் வேலைத் திட்டத்துக்கான பணம் தானா திறக்கும், 2017ல அப்படி நிஜமாவே திறந்துச்சு. அந்த எண்ணைப் பாத்து பட்ஜெட் நகருதுன்னா அதை கணக்குப் போடுற ஆளை யாரும் வேற வேலைக்கு இழுக்க மாட்டாங்க, அடுத்தவருக்கு சொல்லிக் குடுக்காம அவரை மாத்தவும் மாட்டாங்க.

2025ல யுஎஸ்எய்ட் மூடப்பட்டப்போ செர்விருக்கு அங்கேர்ந்து வந்த பணமும் நின்னுச்சு, படிச்சப்போ மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல ஆப்பிரிக்க ஒன்றியத்தோட விண்வெளி ஏஜென்சி கெய்ரோவுல திறந்தாங்க, இந்த பயிற்சிக்கு ஒரு நிலையான நிதிய அவங்க ஒதுக்கணும்னு ரொம்ப ஆசைப்படறேன்.

இன்னைக்கு மொசாம்பிக்ல பெய்ரா பக்கம் இருக்குற ஒரு நீர்வளத்துறை அதிகாரி என்கிட்ட கேட்டா இதைத்தான் சொல்வேன். 2019 மார்ச்ல இடாய் புயல் வந்தப்போ மேலெல்லாம் மேகம், மேகத்தை ஊடுருவிப் பாத்தது சென்டினல்-1 ரேடார்தான், அதனால ரேடார்ல தொடங்குங்க. முதல்ல ஆன்லைன் கோர்ஸ், தனியா வேணாம், ஆபீஸ்ல மூணு பேரா. அப்புறம் உங்க ஆத்தோட படத்தையே எடுத்துக்கிட்டு ஏதாவது ஒரு பிராந்திய மையத்துல ரெண்டு வாரம் உக்காருங்க, வெள்ளம் எதுவரைக்கும் ஏறுச்சுனு ஊர்ப் பெரியவங்க சொன்ன இடத்தையெல்லாம் ஜிபிஎஸ்ல குறிச்சு கையோட கொண்டு போங்க.