ஒயர்க் கட்டினை வெட்டுவதா, புதிதாகப் பின்னுவதா? பைக் இன்ஜின் வைத்த கிட் கார்களுக்கு ஓர் ஒப்பீடு

மோதி முன்பக்கம் நொறுங்கிய யமஹா ஆர்1 பைக்கிலிருந்து இன்ஜினை இறக்குவது ஒரு சனிக்கிழமை வேலை. அதன் ஒயர் கட்டை, அதாவது வண்டியின் ஒயர்களையெல்லாம் சேர்த்து டேப் சுற்றிய கொத்தை, கழற்றி மேசைமேல் பரப்பும்போதுதான் வியர்க்கத் தொடங்கும். லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில், பாகங்களை வாங்கி வீட்டுக் கொட்டகைகளில் கிட் கார் கட்டும் பிரிட்டன்காரர்கள் பலர் இந்த மேசையருகே மாதக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். பைக்குக்குத் தேவையான விளக்கு, ஹாரன், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் எல்லாம் அந்தக் கட்டுக்குள் ஓடுகின்றன. காருக்கு அதில் பாதி வேண்டாம். எந்தப் பாதி என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, சிக்கலே இல்லாத இன்ஜினாகத் தேடிப் பிடிப்பது. 1998 முதல் 2001 வரை வந்த ஆர்1 இன்ஜின்களில் கார்புரேட்டர்தான். ஒயர் போக வேண்டியவை இவ்வளவுதான்: தீப்பொறியைக் கவனிக்கும் பெட்டி, சுழற்சியை அறியும் காயில், பற்றவைப்புக் காயில்கள், ஸ்டார்ட்டர், மின்னூட்டம். ஒரு மாலைப்பொழுதில் காகிதத்தில் வரைந்துவிடலாம். ஆனால் ஒயரில் மிச்சப்படுத்திய நேரத்தைக் கார்புரேட்டர் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். பைக் திருப்பத்தில் சாய்வதால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்துக்குள் எரிபொருள் ஒழுங்காக நிற்கும். கார் சாயாது, எரிபொருள் பக்கவாட்டில் ஒதுங்கும். வயதும் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

எதிர் முனையில் இருப்பது, பைக்கின் இசியூவை, அதாவது இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டியை, தூக்கி எறிந்துவிட்டு மெகாஸ்குவர்ட், எமரால்டு போன்ற தனி இசியூவை வைத்து ஒயரைப் புதிதாகப் பின்னுவது. முடித்த பிறகு பார்க்க மிக அழகாக இருப்பது இதுதான். ஒவ்வோர் ஒயரும் நீங்கள் போட்டது, ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் பைக் நிறுவனம் சோதித்துச் சோதித்து எழுதிவைத்த அத்தனையையும் இந்தப் பெட்டிக்கு நீங்களே சொல்லித்தர வேண்டும்: இன்ஜினின் சுழற்சியைக் காட்டும் பல்சக்கரத்தில் எத்தனை பல், எந்த இடத்தில் பல் இல்லை, குளிர்காலக் காலையில் எவ்வளவு பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும் உருளை மேடையில் வண்டியை ஏற்றி டியூன் செய்யும் செலவு தனி. சுசுகி ஹயபூசா பைக்கின் இன்ஜினுக்கு டர்போ பூட்டப் போகிறவருக்கு வேறு வழியில்லை. மாற்றம் செய்யாத இன்ஜினுக்கு இது வீண் பகட்டு என்பது என் எண்ணம்.

நான் கைகாட்டுவது நடு வழியை: பைக்கின் இசியூவையே வைத்துக்கொண்டு ஒயர் கட்டை மட்டும் மெலியவைப்பது. இங்கே கத்திரிக்கோலைவிடப் பொறுமைதான் முக்கியம். பைக் இன்னும் ஓடும் நிலையில் கிடைத்தால், பிரிப்பதற்கு முன்பே சொருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இயக்கிப் பாருங்கள். எது இல்லாமலும் இன்ஜின் ஓடுகிறது, எது இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு கட்டின் மேல் டேப்பைப் பிரித்து, வேண்டாத சொருகியிலிருந்து பின்னோக்கிப் போய், ஒயர் கிளை பிரியும் இடம் வரை அகற்றுங்கள். நடுவில் வெட்டினால் அதே ஒயரில் தொங்கும் இன்னொரு சென்சாரும் சேர்ந்து செத்துப்போகும். சென்சார்களின் எர்த் ஒயரைக் காரின் சட்டமான சேஸியோடு முடிந்துவிடவும் கூடாது. அது இசியூவுக்கே திரும்ப வேண்டும்.

இசியூ இன்னும் தன்னைப் பைக் என்றே நம்பிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். ஸ்டாண்டு மடங்கியிருக்கிறதா? அதன் ஒயர்களை உரிய முறையில் இணைத்துவிட்டால் போதும். கிளட்ச் அழுத்தியிருக்கிறதா? அந்த சுவிட்சை வீசாமல் காரின் கிளட்ச் மிதியில் பொருத்துவேன். வண்டி கீழே விழுந்துவிட்டதா? இதைக் கேட்கும் சாய்வு சென்சாரைப் பலர் ஏமாற்றிவிடுகிறார்கள். நான் பைக்கில் இருந்த அதே நிலையில் நிமிர்த்திப் பூட்டச் சொல்வேன். கார் கவிழ்ந்தால் பெட்ரோல் பம்பை நிறுத்துவது அதுதான். படுக்கவைத்துப் பூட்டிவிட்டு, இன்ஜின் ஏன் பற்றவில்லை என்று தலையைச் சொறிந்தவர்களும் உண்டு. திருட்டுத் தடுப்பு உள்ள இன்ஜின்களில் சாவி, பூட்டைச் சுற்றிய வளையம், இசியூ மூன்றும் ஒரே குடும்பம். இன்ஜினை மட்டும் மலிவாக வாங்கி வந்தால் பின்னால் அழ வேண்டியதுதான்.

வெட்டித் தயாராக்கிய ஒயர் கட்டை விலைக்கு வாங்குவதும் உண்டு. நேரமில்லாதவருக்குச் சரி. நள்ளிரவில் சாலையோரம் நிற்கும்போது அதன் வரைபடம் உங்கள் மண்டையில் இருக்காது, அவ்வளவுதான்.

எந்த வழியில் போனாலும் தப்பாதவை சில. பைக்கின் மின்னூட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டி மிகையான மின்சாரத்தை வெப்பமாகக் கரைப்பது. காற்றுப் படாத மூலையில் பூட்டினால் வெந்துபோகும். வேகமானியின் சென்சார் கியர் பெட்டியில் இருந்தால் பைக்கின் சக்கர அளவுக்கே கணக்குப் போடும். தனியாகக் கட்டிய வண்டிகளைச் சாலைக்கு அனுமதிக்கும் பிரிட்டனின் ஐவிஏ சோதனையில் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, ஆகவே அதைத் திருத்தும் கருவியோ தனி வேகமானியோ வேண்டும்.

பிறகு எர்த். நண்பர் ஒருவர் ஒயர் கட்டை அப்பழுக்கில்லாமல் மெலியவைத்திருந்தார். ஸ்டார்ட்டர் முனகியது, இன்ஜின் பற்றவில்லை. இரண்டு வாரம் இசியூவைச் சந்தேகித்தார். கடைசியில் ஸ்டார்ட்டரை இயக்கியபடி, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் வைத்தோம். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் நின்றது. சேஸியில் எர்த் ஒயரின் வளையத்தைக் கழற்றினால், அடியில் பளபளவென்று, மின்சாரம் கடத்தாத பவுடர் பெயின்ட். மின்சாரம் போல்ட்டின் மரை வழியாகத்தான் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளால் ஒரு காசு அகலத்துக்குத் தேய்த்தார். கறுப்புத் தூசியைக் கையிலிருந்து தட்டுவதற்கு முன்பே சாவியைத் திருப்பினார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.