வாரண்டியில் வந்த பழைய போன்: மதுரை சர்வீஸ் சென்டர் ஒன்றின் மதிப்புரை

மதுரையில் இயங்கும் அங்கீகரிக்கப்பட்ட மொபைல் சர்வீஸ் சென்டர் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லவரும் நடைமுறை ஒரு பிராண்டோடு நின்றுவிடுவதில்லை.

டவுன்ஹால் ரோட்டில் பில் போட்டு வாங்கிய என் போன், எட்டாவது மாதத்தில் அடிக்கடி நெட்வொர்க்கை இழக்கத் தொடங்கியது. வேறு சிம் போட்டுப் பார்த்தாலும் அதே நிலைதான். உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, ஆதார், ஹால் டிக்கெட் என்று வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதுதான் கடையின் பெரும்பகுதி வேலை. அதற்கான பணம் வந்து சேர்வதும் அதே எண்ணோடு இணைந்த கணக்கில்தான். ஆகவே போன் நின்றால் கடையும் பாதி நின்றுவிடும். ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி, பில்லும் பெட்டியுமாக அங்கே போனேன்.

கவுன்டரில் இருந்த தம்பி முதலில் செய்தது, சிம் தட்டை வெளியே இழுத்து, அந்தத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததுதான். உள்ளே ஒட்டியிருக்கும் சிறு வெள்ளை ஸ்டிக்கர் ஈரம் பட்டால் சிவப்பாகும். சிவந்திருந்தால் வாரண்டி அங்கேயே முடிந்துவிடும். தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்யப்படும் போன்களுக்குக்கூட, தண்ணீரால் வரும் பழுதைப் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியில் சேர்ப்பதில்லை. என் போனில் அது வெள்ளையாகவே இருந்தது. பிறகு பின்பக்கக் கீறல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, போனை ஒப்படைத்ததற்கான பதிவுச் சீட்டான ஜாப் ஷீட்டில் எழுதினார்கள். ஆனால் நான் சொன்ன பழுதை எழுத வேண்டிய இடத்தில் 'நெட்வொர்க் பிரச்சினை' என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. எந்த நேரத்தில் போகிறது, எந்த சிம்மில் போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் திரும்புகிறதா என்று யாரும் கேட்கவில்லை. வாடிக்கையாளரின் கீறலுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைப் பழுதின் விவரத்துக்கும் காட்டியிருந்தால், பின்னால் நடந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

முதல் தடவை சாஃப்ட்வேர் ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். போனில் இருந்ததெல்லாம் அழிந்தது; பழுது மட்டும் அழியவில்லை. இரண்டாம் தடவை போனின் முக்கியச் சர்க்யூட் பலகையான போர்டை மாற்ற வேண்டும், சென்னைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, போர்டு கையிருப்பில் இல்லாததால் வேறு போனே தருகிறோம் என்று குறுஞ்செய்தி வந்தது. உண்மையில் மகிழ்ச்சியாகத்தான் கிளம்பிப் போனேன்.

கையில் கொடுத்தது எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே போன் மட்டும். திரையின் கீழ் விளிம்பில் பசை பிசிறிட்டுக் காய்ந்திருந்தது. சார்ஜர் துவாரத்துக்கு இரு பக்கமும் உள்ள திருகுகளில் ஒன்றின் தலை தேய்ந்து பளபளத்தது. செட்டிங்ஸில் பேட்டரி விவரத்தைத் திறந்தால், அது ஏற்கெனவே பலமுறை சார்ஜ் ஏறிய பேட்டரி என்று போனே சொல்கிறது. ''இது பழைய போனாம்மா?'' என்று கேட்டேன். ''கம்பெனி ஸ்டாண்டர்டுண்ணே, புதுசு மாதிரியேதான் இருக்கும்'' என்றார் போனைக் கொடுத்த கவுன்டர் பெண். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். 'புதுப்பிக்கப்பட்டது' என்று ஜாப் ஷீட்டில் எழுதித் தரும்படி கேட்டபோதுதான் மேலாளர் வெளியே வந்தார். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பின் எழுதிக் கொடுத்தார்.

போன் பழுதாவதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் தயாராகும் பொருளில் சில பழுதாகத்தான் செய்யும். புதுப்பித்த பாகங்களையோ போனையோ தரலாம் என்று பல நிறுவனங்கள் வாரண்டி விதிகளிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கின்றன என்பதும் தெரியும். ஆனால் கொடுப்பது எது என்பதை, வாடிக்கையாளர் கேட்டால் ஒழியச் சொல்லாமல் கையில் திணிப்பது எந்த விதியில் இருக்கிறது? முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? அதோடு, இந்த மாற்றுப் போனுக்கும் வாரண்டி பழைய பில் தேதியிலிருந்துதான் கணக்காம். அவர்களிடம் போன் கிடந்த வாரங்களும் என் கணக்கிலேயே கழிந்துவிட்டன.

இன்னொரு சிக்கல் ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண். மாற்றுப் போனில் அந்த 15 இலக்க எண் வேறு. பில்லிலும் பெட்டியிலும் இருப்பது வேறு. நாளை இன்சூரன்ஸ் கேட்டாலோ, எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலோ, திருட்டுப் புகார் எழுதினாலோ இந்த முரண்பாடு நம் தலையில்தான் விழும். எனவே புதிய எண்ணை ஜாப் ஷீட்டில் முத்திரையோடு எழுதி வாங்காமல் யாரும் கவுன்டரை விட்டு நகர வேண்டாம். *#06# அழுத்தினால் எண் திரையில் தெரியும், கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முறையான எண்தானா, தடை செய்யப்பட்டதா என்று தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். நான் அங்கேயே நின்று பார்த்தேன். அந்த வகையில் குறை ஒன்றும் இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். உள்ளே வேலை பார்த்த டெக்னீசியன், என் எதிரிலேயே போனைப் பிரித்து, ஆன்டெனா இணைப்பை உருப்பெருக்கியில் காட்டி, பழுது போர்டில்தான் என்று பொறுமையாக விளக்கினார். உடைந்த டிஸ்ப்ளேயோடு வந்தவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அன்றே மாற்றிக் கொடுத்ததையும் பார்த்தேன். காசு வரும் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. வாரண்டி வேலைதான் சென்னைக்கும் மதுரைக்கும் இடையில் தூங்குகிறது.

மாற்றுப் போனில் இப்போது மைக் மந்தமாகிவிட்டது. எதிரில் பேசுபவர் ''கேக்கலண்ணே'' என்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்தேன். நிறுவனம் அனுப்பிய பதில்: மறுபடியும் பழுது பார்த்துத் தருவோம், புதிய போனோ பணமோ தர விதியில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ வேறு விதமாகப் பேசுகிறது. பொருளில் குறை இருப்பது மெய்ப்பிக்கப்பட்டால், குறையற்ற புதிய பொருளைத் தரவோ விலையைத் திருப்பித் தரவோ உத்தரவிடும் அதிகாரத்தை, அதன் 39ஆம் பிரிவு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. 'புதிய' என்பது சட்டத்திலேயே உள்ள சொல். நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. மதுரை மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்க பில், ஜாப் ஷீட்டுகள், மேலாளர் கைப்பட எழுதிய வரி, வெள்ளைப் பெட்டியின் படம் எல்லாவற்றையும் நகலெடுத்துக் கட்டிவிட்டேன்.

இந்த சென்டருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.