நான்கு ரீசார்ஜா, ஒரு ஃபைபர் இணைப்பா?

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் போகிறார்கள். அம்மாவும் பாட்டியும் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறார்கள். நான்கு கைபேசிகளுக்கும் தனித்தனியே டேட்டா பேக் போடுவதா, அல்லது வீட்டுக்குக் கேபிள் வழியே வரும் ஒரு ஃபைபர் இணைய இணைப்பை வாங்கி வைஃபையில் பகிர்ந்துகொள்வதா என்ற கேள்வி, 2024 ஜூலையில் கட்டணங்கள் ஏறிய பிறகு பல வீடுகளில் எழுந்தது. ஃபைபர் போட்டால் பாதிப் பணம் மிச்சம் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கூட்டிப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை.

அந்த உயர்வில், ஜியோவில் 28 நாட்களுக்குத் தினம் 1.5 ஜிபி தரும் பேக் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயானது. 28 நாள் பேக் என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். ஆளுக்கு 3,887 ரூபாய், நால்வருக்கும் 15,548 ரூபாய். மறுபக்கம், ஜியோஃபைபரின் 399 ரூபாய்த் திட்டம் 30 எம்பிபிஎஸ் வேகத்தில் மாதம் 3,300 ஜிபி வரை தருகிறது. ஆனால் மொபைல் பேக் விலையில் ஜிஎஸ்டி அடக்கம், ஃபைபர் விலையில் அது அடங்காது. 18 சதவீதத்தைச் சேர்த்தால் மாதம் 471, ஆண்டுக்குச் சுமார் 5,650 ரூபாய்.

இத்துடன் கணக்கு முடிந்ததாக நினைப்பதுதான் தவறு. வீட்டில் வைஃபை இருந்தாலும் சிம்மை உயிரோடு வைத்திருக்காமல் முடியாது. வங்கி ஓடிபியும் சமையல் எரிவாயு முன்பதிவும் அந்த எண்ணை நம்பியே இருக்கின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஆணையை அடுத்து, பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான பேக்குகள் 2025 ஜனவரியில் வந்தன. ஏர்டெல்லில் ஓராண்டுக்கு அது 1,849 ரூபாய். நால்வருமே அதற்கு மாறினால் ஃபைபரோடு சேர்த்து 13,046 ரூபாய் ஆகும். ஏறத்தாழ 2,500 ரூபாய் மிச்சம். ஆனால் வாசற்படியைத் தாண்டியதும் ஒருவரிடமும் இணையம் இருக்காது. பேருந்தில் மகளுக்கும் டீக்கடையில் யுபிஐ ஸ்கேன் செய்யும் அப்பாவுக்கும் டேட்டா வேண்டும் என்று அவர்கள் இருவரின் பேக்கையும் தொடர்ந்தால், மொத்தம் 17,122 ரூபாயாகிறது. அதாவது ஃபைபர் போட்ட வீடு 1,574 ரூபாய் அதிகமாகச் செலவழிக்கிறது.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை அறிய, ஃபைபர் இல்லாத வீட்டை இரவு ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டும். அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாக மகளின் கைபேசிக்குச் செய்தி வருகிறது. வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்குகிறது. பாடக் காணொளியின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் பாட்டியின் கைபேசியில் ஒரு ஜிபிக்கு மேல் தொடப்படாமல் கிடக்கிறது, நள்ளிரவில் அது காலாவதியாகப் போகிறது. நான்கு பேக்குகளும் சேர்ந்து நாளுக்கு 6 ஜிபி தருகின்றன என்பது காகிதத்தில் சரி. அந்த ஆறையும் ஒரே பாத்திரத்தில் ஊற்ற முடியாது. "பாட்டி, ஹாட்ஸ்பாட் போடுங்க" என்பதே நம் வீடுகள் கண்டுபிடித்த தீர்வு. ஃபைபர் இந்த எண்ணிப் பார்க்கும் வேலையை ஒழிக்கிறது. செலவைக் குறைக்கும் என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவார், இதற்காக வாங்குபவர் ஏமாறமாட்டார்.

ஃபைபரின் பலவீனம் மின்சாரம். கரண்ட் போனால் சுவரிலுள்ள மோடமும் அணைந்துவிடும். இன்வர்ட்டரோ, மோடத்துக்கென விற்கும் சிறிய யுபிஎஸ்ஸோ இல்லாவிட்டால் மறுபடியும் கைபேசிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரத்தோடு மொபைல் சிக்னலும் போனதால், அந்த நாட்களை வைத்து எதையும் உயர்த்திப் பேச இயலாது. சாதாரண நாட்களில் மொபைலே நம்பகமானது. தெருவில் பள்ளம் தோண்டுபவர் கேபிளை வெட்டிவிட்டால், ஆள் வந்து சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டியதும் ஃபைபர்காரர்தான். கேபிளே வராத இடங்களுக்கு 5ஜி சிக்னலில் இயங்கும் ஏர்ஃபைபர் இருக்கிறது. ஜியோவில் அது 599 ரூபாயில், வரியோடு 707 ரூபாயில், தொடங்குகிறது. இந்த வீட்டுக்கு அது அதிகம்.

மொத்தமாகப் பணம் கட்ட முடிந்தவருக்கு மொபைல் கணக்கே வேறு. ஜியோவில் 349 ரூபாய்க்குத் தினம் 2 ஜிபி தரும் 28 நாள் பேக்கைப் பதின்மூன்று முறை போட்டால் 4,537 ரூபாய். ஆண்டு பேக்கோ 3,599 ரூபாய்க்குத் தினம் 2.5 ஜிபி தருகிறது. மாதாமாதம் புரட்டிக் கட்டுபவரே அதிக விலை கொடுத்துக் குறைந்த டேட்டா வாங்குகிறார் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனியாகத் தங்கியிருப்பவருக்கு ஃபைபர் பேச்சே வேண்டாம். 5ஜி கைபேசி இருந்தால், நாளுக்கு 2 ஜிபியோ அதற்கு மேலோ தரும் பேக்குகளோடு வரும் வரம்பற்ற 5ஜி போதும்.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு நான் ஃபைபரையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. பாட்டிக்குக் கைபேசியில் எதையும் பார்க்கும் வழக்கமே இல்லையென்றால், அவருக்கு 1,849 ரூபாய் பேக்கைப் போட்டு மற்ற மூவருக்கும் டேட்டா போட்டாலே 13,510 ரூபாயில் ஆண்டு ஓடிவிடும். அப்போது ஃபைபருக்கான கூடுதல் செலவு 3,612 ரூபாயாக ஏறுகிறது. அந்த வீட்டில், மகளுக்கு இணையவழி வகுப்புகள் தொடங்கும்வரை, நான் ஃபைபரைத் தள்ளிப்போடுவேன்.