தேவாங்கா, யாளியா: வீட்டுக்கு எது அதிகத் தொல்லை?

தேவாங்கின் உருண்டைக் கண்ணைப் பார்த்து மயங்கி வளர்க்க ஆசைப்படுபவர்கள் கொஞ்சம் கேளுங்கள்: பகலெல்லாம் சுருண்டு தூங்கிவிட்டு, நீங்கள் படுக்கும் நேரத்தில் எழுந்து பூச்சி தேடும், அப்புறம் தன் மூத்திரத்தையே கை கால்களில் தேய்த்துக்கொண்டு கண்ட இடமெல்லாம் ஏறும். போதாக்குறைக்கு, 1972 வனவிலங்குச் சட்டப்படி பிடித்து வைத்தாலே ஜெயில். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 2022-இல் அதற்கென்றே சரணாலயம் வந்துவிட்டது, காட்டிலேயே இருக்கட்டும்.

சரி, யாளி? சிங்க உடம்பு, சிலவற்றுக்குத் தும்பிக்கையும் உண்டு. கோயில் தூணில் யானையையே காலடியில் போட்டுக்கொண்டு நிற்கிற பிராணிக்குத் தீனி வாங்கிக் கட்டுப்படியாகுமா? சில கோயில்களில் அதன் வாய்க்குள்ளேயே கல் பந்து உருளுகிறது, விளையாட்டுச் சாமான் செலவு மட்டும் மிச்சம். ஆனாலும் என் ஓட்டு யாளிக்குத்தான். வாசலில் நின்றால் கடன்காரன் எட்டிப் பார்க்கமாட்டான்.