சடை விழுந்த நாய்க்குட்டியைக் கடையில் விட்டுவிட்டு வருமுன் இதைப் படியுங்கள்

சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் நாய்க்குட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பட்டது உங்களுக்கு வேண்டாம்.

எங்கள் பொம்மி ஷிட்சூ, நீளமுடியும் சப்பை மூக்கும் உள்ள இனம். குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வளரும் பருவத்தில் இருந்தாள். நீளமுடி நாய்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பெரும்பாலும் இது நடக்கும். உதிரும் பழைய முடி கீழே விழாமல் புது முடியோடு சிக்கிக்கொள்ளும், அதனால் நேற்று சீவிய இடத்தில் இன்று சடை இருக்கும். அவளுக்குக் காது மடல், முன்னங்காலின் அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை உரசும் இடம் எல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. பயப்படும் நாய்களைக் கையாள்வதில் கைதேர்ந்தவர்கள் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு குரூமிங் கடையை (நாய்க்கு முடி திருத்திக் குளிப்பாட்டும் கடை) அழைத்தோம். “முடியை எடுக்காமலே சிக்கு எடுத்துத் தருவோம்” என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கடையில் யாரும் அவள் முடிக்குள் விரல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. எடை போடவில்லை, வயது கேட்கவில்லை. “ஓனர் பக்கத்துல இருந்தா நாய் அடம் பிடிக்கும்” என்று சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

திரும்பி வாங்கும்போது வாசனைத் தண்ணீர் கமகமத்தது, கழுத்தில் ஒரு ரிப்பன் வேறு. ஆனால் பொம்மிக்கு நிற்க முடியவில்லை. கண்ணின் உள் ஓரத்திலிருந்து வெளிறிய சவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தது. கேட்டதற்கு, “கொஞ்சம் ரிலாக்ஸ் ஆகறதுக்கு ஒரு மாத்திரை கொடுத்தோம்” என்றார்கள். என்ன மாத்திரை? “வழக்கமா கொடுக்கறதுதான் சார்.” அவ்வளவுதான் பதில்.

வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தோம். அக்குளிலும் தொடையிலும் இருந்த சடை அப்படியே இருந்தது, முன்பைவிடக் கெட்டியாக. காது மடல்களை மட்டும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒட்ட மழித்திருந்தார்கள். வயிற்றில் கிளிப்பர் (முடி மழிக்கும் மின் கருவி) சுட்ட சிவப்புக் கோடுகள். அக்குளில் கத்தரி பட்ட ஒரு வெட்டு, அதன் மேல் ஏதோ பவுடர். பில்லில் ‘சிக்கு நீக்கும் கட்டணம்’ தனியாகப் போட்டிருந்தார்கள்!

அன்று இரவு முழுக்கத் தலையை உதறிக்கொண்டே இருந்தாள். விடியும்போது ஒரு காது மடல் உப்பி, தொட்டால் நீர் நிரம்பிய பை போல அமுங்கியது. மடலுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். காதில் இறுகிய சடையை மழித்ததும், அதுவரை நெருக்குண்டிருந்த மடலுக்கு இரத்தம் வேகமாகப் பாயும். அரிப்பில் நாய் தலையை உதற, உள்ளே மெல்லிய நாளங்கள் உடையும். தெரிந்த குரூமர் இதை முன்கூட்டியே சொல்லி, காதை மெல்லிய துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிவிடவும் சொல்வாராம்.

மருத்துவர் அதிகம் கோபப்பட்டது மாத்திரை விஷயத்தில்தான். நாயை அடக்கக் கொடுக்கும் அசெப்ரோமசின் போன்ற மயக்க மருந்துகள் உடம்பைத் தளர்த்துமே தவிர பயத்தைப் போக்காது. நடப்பதெல்லாம் நாய்க்குத் தெரியும், தப்பிக்கத்தான் முடியாது. இரத்த அழுத்தமும் இறங்கும். சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழாய் ஏற்கெனவே குறுகல், மயக்கத்தில் அது இன்னும் ஆபத்து. எடையும் இதயமும் பார்த்து மருத்துவர் கொடுக்க வேண்டியதை, கவுன்டரில் இருப்பவர் கொடுத்திருக்கிறார்.

இப்போது “முடியை எடுக்காமலே சிக்கு எடுப்போம்” என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். தோலோடு ஒட்டிய சடையை வலிக்காமல் பிரிக்க முடியாது. மழிப்பதுதான் நாய்க்குச் செய்யும் உபகாரம், முடி வளர்ந்துவிடும். சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால், நனைந்து காயும்போது சடை இன்னும் இறுகும். கத்தரியும் கூடாது; சடை தோலை மேலே இழுத்து வைத்திருப்பதால் முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. கிளிப்பரைத் தோலுக்கும் சடைக்கும் நடுவே விட்டு, பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, “குளிப்பாட்டுவதற்கு முன் சடையை என்ன செய்வீர்கள்?” என்பதைத்தான். பதில் மழுப்பலாக இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கண்ணாடி வழியாகவாவது பார்க்க விடாத கடையும் வேண்டாம்.

மீதிச் சடையை மருத்துவமனையிலேயே, முறையாக மயக்கம் கொடுத்து, ஒட்ட மழித்தோம். கம்பளி உரித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிட்டாள். உண்மையில் அதுதான் நல்லது. முடி குட்டையாக இருக்கும்போது சீவினால் இழுக்காது, வலிக்காது, பழக்கவும் சுலபம். இப்போது சீப்பைத் தரையில் வைத்து, அவளே வந்து முகர்ந்தால் ஒரு துண்டு கோழிக்கறி. அப்புறம் சீப்பின் முதுகால் ஒரு தடவல். தட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுத்து, அவள் நக்கும் நேரத்துக்கு மட்டும் சீவுகிறோம் (சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்தது வேண்டாம், நாய்க்கு அது விஷம்). தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுவோம். சின்னச் சிக்கு தெரிந்தால் அடிமுடியை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிக்கிறேன், அப்போது தோல் இழுபடாது. காதுப் பக்கம் மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறாள்.

கடைக்காரரிடம் பேசினோம். “நீங்க ஒழுங்கா சீவியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது” என்றார். சரி, அப்படியே இருக்கட்டும். அதை எங்கள் கையிலிருந்து நாயை வாங்கிக்கொள்ளும்போதே தொட்டுப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், கட்டணம் வாங்கிய பிறகு அல்ல. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டு, அடுத்த முறை நகம் வெட்டுவது இலவசம் என்றார். கொடுத்த மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை.